மண்ணைப் படித்த அகதிச் சிறுவன்

புலம்பெயர்ந்த தேசங்களில் எமது பிள்ளைகள் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் வேளையில், வீடுகளில் ஒலிப்பவை மூன்று சொற்களே: மருத்துவம், பொறியியல், கணினி. அத்துறைகளைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், மண்ணை இழந்து வந்த நாம், மண்ணைப் பற்றியும் ஒரு கல்வி உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் கூற மறந்துவிட்டோமே என்ற கவலை எமக்குண்டு.

ரத்தன் லால் என்னும் மண் விஞ்ஞானியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். 1944இல், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில் பிறந்தவர். பிரிவினையால் அகதிகளாகிய அவரது குடும்பம், இன்றைய ஹரியானாவில் சிறு காணியொன்றில் பயிர் செய்து வாழ்ந்தது. லூதியானாவிலும் டெல்லியிலும் கற்ற அவர், 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1970 முதல் 1987 வரை அவர் பணியாற்றியது நைஜீரியாவின் இபாடன் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில். காடழித்து உழுத நிலத்தின் மேல்மண்ணைக் கடும் மழை அரித்துச் செல்வதை அங்கே கண்டார். உழாமல் விதைத்தல், அறுவடை எச்சங்களை வயலிலேயே பரப்புதல், மூடுபயிர் வளர்த்தல், பயிரோடு மரம் நடுதல் ஆகியவற்றால் அவ்வழிவைத் தடுக்கலாம் என ஆய்வுகளால் நிறுவினார்.

உழும்போது மண்ணிலுள்ள உக்கல் சிதைந்து, அதன் காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. அக்காபனை மீண்டும் மண்ணில் சேர்த்தால் விளைச்சலும் பெருகும், புவி வெப்பமடைதலும் ஓரளவு தணியும் என்பதே அவரது ஆய்வின் சாரம். ஒரு காலத்தில் பலர் பொருட்படுத்தாத இக்கருத்துக்காக 2020இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையான 250,000 டொலரையும் அவர் மண் ஆராய்ச்சிக்கே வழங்கினார்.

இதில் எமக்கென்ன என்று கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இடப்படும் பசளையின் நைத்திரேற்று, கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிக் கிணற்று நீரில் கலப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. அங்கே மண்ணைக் காப்பது, குடிக்கும் நீரைக் காப்பதும் ஆகும்.

பெற்றோரே, மண்ணியல் என்பது மண்வெட்டி பிடிக்கும் வேலை என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். இரசாயனம், பௌதிகம், உயிரியல் மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் துறை அது. இளையோரே, ஊரின் மீதான பற்றை விழா மேடைகளில் மட்டும் காட்டினால் போதாது. உங்களுள் ஒருசிலரேனும் இத்துறையைக் கற்று, கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது அப்பாவின் தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, அதற்கு என்ன குறை என்று கூறும் தகுதியைப் பெறுங்கள். நிலத்தை இழந்த ஒரு சிறுவனால் உலகின் நிலங்களுக்கு மருந்து தேட முடிந்தது. உங்களாலும் முடியும்.