கொள்முதலில் தோற்கிறோம்

மளிகைக் கடைகள் மூடப்படுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வாடிக்கையாளர் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். பையை எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளி நடக்க யாருக்கும் மனமில்லை, கைபேசியைத் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது, இதில் நாம் என்ன செய்ய முடியும் என்று ஆற்றிக்கொள்கிறோம். இந்தச் சமாதானம் நம்மைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. விற்கும் இடத்தில் நாம் இன்னும் தோற்றுவிடவில்லை. தோற்றுக்கொண்டிருப்பது வாங்கும் இடத்தில்.

அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டன, அவற்றில் 45 சதவீதம் பெருநகரங்களில் என்றது. இது அரசு எடுத்த கணக்கல்ல, பாதிக்கப்பட்ட தரப்பின் கணக்கு. ஆனாலும் எந்தக் கடை சரக்கு எடுப்பதைக் குறைத்தது, எது அடியோடு நிறுத்தியது என்பது விநியோகஸ்தர்களுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் இந்த எண்ணைத் தள்ளிவிட மாட்டோம்.

ஒரு பாக்கெட் சலவைத்தூளை வைத்துப் பார்ப்போம். எம்ஆர்பி 100 ரூபாய், ஏஜென்சி நமக்குப் போடுவது 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை, கரண்ட், பையன் சம்பளம், எலி கடித்தது, தேதி முடிந்து திரும்ப எடுக்காமல் விட்டது எல்லாம் மீதிப் பத்து ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அதே பாக்கெட் ஆப்பில் 86 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், நம் கொள்முதல் விலையே அவர்களுடைய விற்பனை விலையைவிட அதிகம். நாம் லாபமே வேண்டாம் என்று விற்றாலும் அந்த விலைக்குத் தர முடியாது. கடைக்கு ஏஜென்சியில் வாங்குவதைவிட ஆப்பிலோ பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ ஆஃபர் நாளில் வாங்கி அடுக்குவது மலிவு என்று கண்டுகொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு தொழிலின் நோய்க்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

ஆப் நடத்துகிறவர்களுக்கு அந்த விலை எப்படிக் கட்டுபடியாகிறது? கம்பெனியிடம் மொத்தமாக நேரடிக் கொள்முதல். தங்கள் பொருள் திரையில் மேலே வர கம்பெனிகள் கட்டும் விளம்பரப் பணம். வாடிக்கையாளரிடம் வாங்கும் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம். மீதிப் பள்ளத்தை முதலீட்டாளர் பணம் நிரப்புகிறது. தெருமுனையில் காட்சிக்கடை வேண்டியதில்லை, உள்சந்தில் வாடிக்கையாளர் நுழையாத கிடங்கு, அதாவது ஒரு டார்க் ஸ்டோர் போதும்.

கம்பெனிகள் ஆளுக்கொரு விலை போடுவதை எதிர்த்து விநியோகஸ்தர்கள் ஒருமுறை கிளம்பினார்கள். நவீன மொத்த வணிக நிறுவனங்களுக்கும் தங்களுக்கும் ஒரே விலை வேண்டும் என்று கேட்டு 2022 ஜனவரி 1 முதல் ஒத்துழையாமையை அறிவித்தார்கள். கம்பெனிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தன. ஆனால் சில்லறைக் கடைக்காரர்களாகிய நாம் அப்போது வேடிக்கைதான் பார்த்தோம். ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் உள்ள தகராறு என்று நினைத்துக்கொண்டோம்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்பவர்கள் கைபேசிக் கடைக்காரர்களின் கதையைப் பார்க்க வேண்டும். அமேசானும் பிளிப்கார்ட்டும் சில மாடல்களைத் தங்களிடம் மட்டும் விற்கச் செய்வதாக டெல்லி வணிகர் அமைப்பு ஒன்று புகார் கொடுத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றி விதிமீறல் உண்டு என்ற விசாரணை அறிக்கை 2024இல்தான் வந்தது. நாலு ஆண்டு வட்டியும் வாடகையும் கட்டிக்கொண்டு எந்தச் சிறு கடை தாங்கும்? விரைவு வணிக நிறுவனங்களின் அடிமாட்டு விலை பற்றியும் போட்டி ஆணையத்திடம் முறையிடப்பட்டிருக்கிறது. அந்தக் கோரிக்கையை நாம் விடக்கூடாது. அதை நம்பிக் கல்லாவைத் திறந்துவைத்திருக்கவும் கூடாது.

'சுபிக்‌ஷா வந்தபோதும் இப்படித்தான் பயந்தோம்' என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. 1997இல் திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கி நாடெங்கும் 1,600 கடைகள் வரை விரிந்து 2009இல் அது படுத்துவிட்டது. அண்ணாச்சி கடை நின்றது. உண்மைதான். ஆனால் சுபிக்‌ஷா கடன் வாங்கிக் கடை கடையாகத் திறந்தது, கையில் ரொக்கம் வற்றியதும் விழுந்தது. இன்று எதிரில் நிற்பவர்களின் பின்னால் டாடா, ரிலையன்ஸ், அமேசான், பிளிப்கார்ட், சொமாட்டோ, சுவிக்கி. இவர்கள் தாமாகவே விழுவார்கள் என்று காத்திருப்பது கணக்கறிந்த வியாபாரி செய்யும் வேலையல்ல.

ஜெர்மனியின் மளிகை வணிகத்தில் இன்று முதலிடத்தில் இருக்கும் எடேக்கா எப்படிப் பிறந்தது என்பதை நம் சங்கங்கள் படிக்க வேண்டும். 1898இல் பெர்லினில் ஒரு பகுதியைச் சேர்ந்த மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கொள்முதல் கூட்டுறவு அது. 1907இல் இப்படிப்பட்ட கூட்டுறவுகள் பல ஒன்றிணைந்தன. இன்றும் அதன் கடைகளில் பெரும்பகுதியைத் தனி வணிகர்களே நடத்துகிறார்கள். கடை அவரவருடையது, கொள்முதல் எல்லோருடையது. 2022இல் கோகோ கோலா விலையேற்றியபோது அதை ஏற்க மறுத்து நீதிமன்றம் வரை போகும் தெம்பு அவர்களுக்கு இருந்தது. நமக்குக் கம்பெனி தரும் சலுகை ஸ்கீமை நிறுத்திவிட்டால் சேல்ஸ்மேனிடம் முறைத்துக்கொள்வதோடு சரி.

இது நமக்கு அந்நியமான யோசனையா? தென்மாவட்ட நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொதுநிதி சேர்த்தார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி போனது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. பள்ளிக்கூடத்தையும் வங்கியையும் சேர்ந்து கட்டியவர்களின் வழியில், இன்று எல்லாச் சமூகத்தாரும் நடத்தும் இந்தத் தொழிலில், பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு லோடு துவரம்பருப்பு இறக்க முடியவில்லை என்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏன் முடியவில்லை என்பதும் தெரியும். முதல் காரணம் கடன். ஏஜென்சி ஒரு வாரத் தவணை தருகிறது. பல கடைகள் அந்தத் தவணையில்தான் ஓடுகின்றன. நாம் வீட்டுக்காரர்களுக்கு மாதக் கணக்கு எழுதுகிறோம், நமக்குக் கிடைப்பது வாரக் கணக்கு. மில்லிலோ கம்பெனியிலோ நேரடியாகப் போய் நின்றால் ரொக்கம் கேட்பார்கள். ஆகவே கூட்டுக் கொள்முதலின் முதல் வேலை குடோன் பிடிப்பதல்ல, சுழல்நிதி சேர்ப்பது. இரண்டாவது காரணம் சொல்லக் கூச்சமானது: அடுத்த கடைக்காரர் நம் விற்பனை அளவைத் தெரிந்துகொள்வார் என்ற பயம். எத்தனை மூட்டை அரிசி ஓடுகிறது என்பதைத் தம்பியிடம்கூடச் சொல்லாதவர்கள் நம்மில் உண்டு. ஆனால் ஆப் நடத்துகிறவருக்கு நம் தெருவில் எந்த வீட்டில் என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பதே தெரியும். பக்கத்துக் கடையிடம் மறைத்து எதைக் காப்பாற்றுகிறோம்?

பிராண்டட் சரக்கில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அங்கே கம்பெனி இறங்கிவர நூற்றுக்கணக்கான கடைகள் சேர வேண்டும். லூஸ் சரக்கில் தொடங்கலாம். பருப்பு, மிளகாய், வெல்லம், புளி, அரிசி. இவற்றில் லாபம் கூடுதல், எம்ஆர்பி தொல்லை குறைவு, தரம் பார்த்து வாங்கும் கண் நமக்கு இருக்கிறது. எந்தக் கிடங்குப் பையனும் மிளகாயைக் கையில் அள்ளி வத்தல் எப்படி என்று சொல்லிவிட முடியாது. ஒரே தரத்தில் சலித்து, ஒரே எடையில் கட்டி, பத்துக் கடையிலும் ஒரே பெயரில் வைத்தால் அதுவே நம் பிராண்ட். பில்லும் ஜிஎஸ்டியும் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக இருக்க வேண்டும். கூட்டு முயற்சி கணக்குத் தகராறில்தான் உடையும்.

இணையத்தில் நாமும் விற்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டும் சிறு வணிகர்களும் 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் இணையத் தளங்கள் வழியாகச் சரக்கு விற்கலாம். மத்திய அரசின் முயற்சியில் உருவான திறந்த இணைய வணிக வலையமைப்பான ஓஎன்டிசி 2022 ஏப்ரலில் முன்னோட்டம் பார்த்த ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. வசதி உள்ளவர்கள் சேரட்டும். ஆனால் 90 ரூபாய்க்கு வாங்கியதைத் திரையில் காட்டினாலும் அது 86 ஆகிவிடாது.

2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தபோது எத்தனையோ கடைகளின் குளிர்பெட்டியில் அந்தப் பாட்டில்கள் காணாமல் போயின. நாளடைவில் அந்த உறுதி தளர்ந்தது வேறு விஷயம். விற்க மாட்டோம் என்பதில் ஒன்றுசேர்ந்த நமக்கு, சேர்ந்து வாங்குவோம் என்பதில் மட்டும் ஏன் கால் பின்வாங்குகிறது?

உங்கள் ஊரில் கூட்டுக் கொள்முதல் செய்து பார்த்திருந்தால், வென்றதோ முறிந்ததோ, எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை கடைகள், எந்தச் சரக்கு, மூட்டைக்கு எவ்வளவு மிச்சம், எங்கே சிக்கல் என்ற விவரம் போதும். பெயர் வேண்டாம் என்பவர்களின் கணக்கைப் பெயரில்லாமலே அச்சிடுகிறோம். அடுத்த இதழில் அதற்கென்று பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.