பூஸ்ட்டை ஏற்றும் முன் லாக் பைலைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் நினைக்கலாம். இன்றைய டர்போ காருக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். மானிட்டரும் கீ போர்டும் கிடையாது. பிராசசர், மெமரி, சாப்ட்வேர் மூன்றும் உண்டு. இதனை இ.சி.யு. என்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் சில மாதங்களில் பயாஸைத் திறந்து, பிராசசர் வேகத்தைக் கூட்ட முடியுமா என்று பார்ப்பார் அல்லவா? அதே ஆசை டர்போ கார் வாங்கியவருக்கும் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் ஒரு ஞாயிறு காலை போதும், அந்த ஆசையைத் தூண்டிவிட.

ஆசையில் தவறில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் பூஸ்ட்டைத் தொடக் கூடாது என்பதும், அளந்த விவரங்களைப் பைலாகக் கையில் தராத மெக்கானிக்கிடம் காரை விடக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

டர்போ என்பது என்ஜினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, வெளிக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் இப்படிக் கிடைக்கும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அது அளவு மீறாமல் இருக்க வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு உண்டு. ஸ்பிரிங் பிடித்திருக்கும் இந்தக் கதவை, டர்போவில் இருந்து ஒரு குழாய் வழியே வரும் காற்றழுத்தம் தள்ளித் திறக்கும். திறந்ததும் புகையின் ஒரு பகுதி விசிறியைத் தொடாமல் வெளியே போய்விடும்.

எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் இந்தக் குழாயின் நடுவே ஒரு சோலனாய்டு வால்வை வைக்கிறது. வால்வு வினாடிக்குப் பல முறை திறந்து மூடி, கதவுக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் கொஞ்சத்தை வெளியேற்றிவிடும். கதவு தாமதமாகத் திறப்பதால் பூஸ்ட் ஏறும். டேஷ்போர்டில் உட்காரும் சிறு பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும். இதைவிட எளிதாக ஒரு காரைக் கெடுக்க முடியாது!

பழைய, மெக்கானிக்கல் வேஸ்ட்கேட் மட்டுமே உள்ள கார்களுக்காக வந்த கருவி இது. அத்தகைய காரில் பொருத்துபவர்கள் முதலில் கன்ட்ரோலரைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பிரிங் மட்டும் தரும் பூஸ்ட் எவ்வளவு என்று குறித்துக் கொள்ள வேண்டும். அதன் பிறகே சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். அடுத்து, வால்வின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பூஸ்ட் மீண்டும் அந்தப் பழைய அளவுக்கே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் குழாய்களை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் இந்தச் சோதனை மிக முக்கியம். உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்து கரண்ட் நின்று போவது இங்கே சாதாரணம். அப்படி நிற்கும்போது கதவு திறக்காமல் போனால் பூஸ்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இப்போதைய கார்களில் கதையே வேறு. செங்கல்பட்டுக்கு அருகில் மறைமலை நகரில் போர்டு நிறுவனம் தயாரித்து 2013ல் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் காரை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் ஈகோபூஸ்ட் வகையில் இருந்தது 999 சி.சி., மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். தந்ததோ 125 பி.எஸ். பவர். (இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் போர்டு அறிவித்துவிட்டது. கார்கள் இன்னமும் நம் சாலைகளில் ஓடுகின்றன.) இது போன்ற என்ஜின்களில் பூஸ்ட்டை இ.சி.யு.வே கட்டுப்படுத்துகிறது. அது எரிபொருள், ஸ்பார்க் நேரம், காற்றின் வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பூஸ்ட்டை முடிவு செய்கிறது. நடுவில் இன்னொரு கன்ட்ரோலரை நுழைப்பது, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டி வைரஸ் போடுவது போல. இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். பூஸ்ட் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கண்டால் இ.சி.யு. பவரைக் குறைத்து, செக் என்ஜின் விளக்கைப் போட்டுவிடும். இதில் எனக்கு இ.சி.யு. பக்கம்தான் அனுதாபம்.

டீசல் காருக்கு ட்யூனிங் பாக்ஸ் என்று விற்கிறார்களே, அதில் மலிவானவை பல செய்வது இதைவிட மோசம். எரிபொருள் அழுத்தம் குறைவாக இருப்பதாக இ.சி.யு.வுக்குப் பொய் சொல்கின்றன. அதை நம்பி இ.சி.யு. அழுத்தத்தைக் கூட்டுகிறது.

கூடுதல் பூஸ்ட்டினால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சித்திரை வெயிலில் 35 டிகிரி காற்றை உறிஞ்சும் டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். 0.7 பார் பூஸ்ட்டில் காற்று ஏறத்தாழ 107 டிகிரியில் வெளிவரும். 1 பார் என்றால் 131 டிகிரி. இன்டர்கூலர் குளிர்விக்கும்தான். ஆனால் அதற்கும் கிடைப்பது அதே வெயில் காற்றுதானே. சூடு மீறினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். நாக்கிங் என்பது இதுதான். ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் சூடானால் ஹேங் ஆகும், ரீஸ்டார்ட் செய்திடலாம். உடைந்த பிஸ்டனுக்கு ரீஸ்டார்ட் பட்டன் இல்லை.

எனவே முதலில் அளவிடுங்கள். ஸ்டீயரிங்கிற்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஒரு புளூடூத் ரீடரைச் செருகி மொபைல் போனில் படிக்கலாம். மேனிபோல்ட் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங், ஆர்.பி.எம். ஆகிய நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். இந்த ரீடர்கள் மெதுவானவை. இருபது விவரங்களைக் கேட்டால் அரை வினாடி எகிறும் பூஸ்ட் கண்ணிலேயே படாது. காட்டப்படும் அழுத்தம் மொத்த அழுத்தம். மாமல்லபுரத்தில் அதில் இருந்து 101 கிலோ பாஸ்கலைக் கழித்தால் பூஸ்ட். ஊட்டியில் வளிமண்டல அழுத்தமே 78 அளவில்தான் இருக்கும்; அங்கே அதைக் கழிக்க வேண்டும். லாக்கை சி.எஸ்.வி. பைலாகச் சேமித்து எக்ஸெல் தொகுப்பில் திறந்து பாருங்கள். அதே ஆர்.பி.எம்., அதே அழுத்தத்தில் காற்று சூடாகும்போது டைமிங் எண் குறைந்து கொண்டே வருகிறதா? என்ஜின் ஏற்கெனவே தன்னைக் காத்துக் கொள்ளத் தொடங்கிவிட்டது. அதன் மேல் பூஸ்ட்டை ஏற்றாதீர்கள்.

சோதனையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. திருவிடந்தை கோயிலுக்கு மாலையும் கையுமாக வருபவர்கள், முதலைப் பண்ணை வாசலில் குழந்தைகளுடன் சாலையைக் கடப்பவர்கள், கூடையுடன் நிற்கும் மீன்காரப் பெண்கள் யாருக்கும் உங்கள் பூஸ்ட் எண் தெரியாது. சக்கரங்களை உருளைகள் மீது ஓடவிட்டு அளக்கும் டைனோ மெஷினில் செய்யுங்கள். ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ட்ராக் இருக்கிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் கட்டணம் செலுத்திப் போகலாம்.

சட்டத்தையும் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வாரன்டி சிக்கலாகும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால் கிளைம் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், தனிப் பெட்டி வேண்டாம், இ.சி.யு.வின் சாப்ட்வேரையே முறையாக மாற்றும் ரீமேப் பற்றி விசாரியுங்கள். அங்கேயும் முதல் வேலை பேக்கப். உங்கள் காரின் ஒரிஜினல் பைலை முதலில் படித்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைத்த "இதே மாடல்" பைல் போதாது. எழுதும்போது கார் பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பயாஸ் அப்டேட்டில் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும். மாற்றும் முன்பும் பின்பும் எடுத்த லாக் பைல்களை வாங்கி, ஒரிஜினல் பைலுடன் ஒரே போல்டரில் போடுங்கள். பெயரில் கார் எண்ணும் தேதியும் இருக்கட்டும். ஒரு காப்பி கம்ப்யூட்டரில், இன்னொன்று பென் டிரைவில்.