வண்டி பேட்டரி: காலையில் பார்க்கும் எண்தான் கணக்கு!

“வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். நானும் மகனும் விளைந்த காயை லோடு ஆட்டோவில் ஏற்றிக் காலையில் ஆனையூர் உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். மீதமாகும் காயைச் சாயங்காலம் தெருத்தெருவாக விற்கிறோம். குழாய் ஸ்பீக்கர், இரண்டு எல்.இ.டி விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் வண்டியில் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறோம். முதலில் வாங்கியது எட்டு மாதத்தில் போனது. அடுத்து வாங்கியதும் இப்போது ராத்திரி ஏழு மணிக்கே மங்குகிறது. வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டினால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்கள். அதை எப்படி மாட்டுவது? எந்த எண் வந்தால் நிறுத்த வேண்டும்?”

- வாசகி, ஆனையூர், மதுரை.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. காலைச் சந்தையில் விற்றது போக மிஞ்சிய காயை என்ன செய்வது என்ற கேள்விக்கு, மதுரையைச் சுற்றியுள்ள பல குடும்பங்கள் கண்ட பதில் லோடு ஆட்டோ. ஓடும் வண்டிக்கு ஒரு பேட்டரி, நிற்கும் வண்டிக்கு ஒரு பேட்டரி என்று பிரித்துக்கொண்டதும் நல்ல யோசனையே. ஸ்பீக்கர் மொத்தத்தையும் குடித்துவிட்டு, கடைசித் தெருவில் செல்ஃப் எடுக்காமல் வண்டியைத் தள்ளும் நிலை இதனால் வராது. வெளிநாடுகளில் வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு வைத்து ஊர் சுற்றுபவர்களும் இப்படித்தான் தனி பேட்டரி வைத்துக்கொள்கிறார்கள். அதை அவர்கள் ‘ஓய்வு நேர பேட்டரி’ என்று அழைக்கிறார்கள். நம் ஊர் காய்கறி வண்டியில் அதற்கு ஓய்வே கிடையாது.

மீட்டரை மாட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் சராசரியாக 3 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் விளக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை ஆம்பியர். செல்போன் சார்ஜருக்கு 1 ஆம்பியர். மொத்தம் ஐந்தரை. சாயங்காலம் 4 மணியிலிருந்து 8 மணி வரை ஓடினால் 22 ஆம்பியர்-மணி. இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் வைக்கப்படுவது 35 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண வண்டி பேட்டரி. அதாவது, தினமும் 60 சதவிகிதத்துக்கு மேல் காலியாகிறது. வண்டி பேட்டரியின் உள்ளே இருப்பவை மெல்லிய தகடுகள். சில நொடிகள் செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, உடனே திரும்ப நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. தினமும் பாதிக்கு மேல் வடியவிட்டால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது.

வடிந்ததாவது மறுநாள் நிரம்புகிறதா என்றால், அதுவும் இல்லை. தெரு வியாபாரத்தில் இன்ஜின் ஓடும் நேரம் நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். ஈய-அமில பேட்டரி முதல் பகுதியை வேகமாக வாங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவிகிதத்தை மெதுவாகத்தான் வாங்கும். எவ்வளவு பெரிய டைனமோ இருந்தாலும் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அரைகுறையாக நிரம்பிய பேட்டரி அப்படியே கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளடைவில் இறுகிப்போய்விடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. 1859-ல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே ஈய-அமில பேட்டரியைச் செய்துகாட்டிய காலத்திலிருந்து இன்று வரை இந்தக் குணம் மாறவில்லை. எட்டு மாதத்தில் போன பேட்டரியை மட்டமான சரக்கு என்று சொல்வதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் மீட்டர் உதவும்.

கடைகளில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டரில் இரண்டு வகை உண்டு. சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர் உள்ளது ஒன்று. மூன்றாவதாக வெள்ளை அல்லது மஞ்சள் ஒயர் உள்ளது இன்னொன்று. மூன்று ஒயர் மீட்டரில் சிவப்பும் கறுப்பும் மீட்டர் எரிவதற்கு. மூன்றாவது ஒயர் அளப்பதற்கு. 12 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு ஒயர் உள்ளதே போதும். வாங்கும்போது 30 வோல்ட் வரை தாங்குமா, புள்ளிக்குப் பிறகு ஓர் எண்ணாவது காட்டுமா என்று பார்க்க வேண்டும். வெறும் 12, 13 என்று மட்டும் காட்டும் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. நிரம்பிய பேட்டரிக்கும் காலியான பேட்டரிக்கும் உள்ள வித்தியாசமே 1 வோல்ட்டுக்குள்தான்.

மாட்டும் வேலையை பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். கையில் உள்ள மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பிளஸ் முனையைத் திருகிக்கொண்டிருக்கும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த வரிசையை மறக்க மாட்டார்கள். பிளஸ் முனையிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். மீட்டருக்கு மெல்லிய ஒயர் போதும். ஆனால், அந்த மெல்லிய ஒயர் எங்காவது உரசி, வண்டியின் உடம்பில் தொட்டுவிட்டால் தீப்பிடிக்க அதுவே போதும். ஃபியூஸ் இல்லாமல் மீட்டர் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஸ்பீக்கருக்கும் விளக்குக்கும் போகும் ஒயரிலும் இதேபோல அளவான ஃபியூஸ் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

மீட்டர் ஒயரை ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரோடு முறுக்கிச் சேர்ப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால், ஸ்பீக்கர் பாடும்போது அந்த ஒயரில் ஏற்படும் இழப்பும் சேர்ந்து, எண் குறைவாகத் தெரியும். இரண்டு ஒயரும் நேராக பேட்டரி முனைக்கே போக வேண்டும். நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைப்பது அவசியம். மீட்டர் எரிவதற்கே சுமார் 20 மில்லி ஆம்பியர் தேவைப்படும். நாளுக்கு அரை ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணி. மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திப்போட்டால், பேட்டரியைக் காப்பாற்ற வைத்த மீட்டரே அதைக் காலி செய்துவிடும். மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரை நேராக பேட்டரி முனையில் வைத்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான மீட்டரில் 0.2 வோல்ட் வித்தியாசம் இருப்பது அதிசயம் இல்லை. சிலவற்றின் பின்பக்கத்தில் சரிசெய்யும் திருகு இருக்கும். இல்லையென்றால், வித்தியாசத்தை மீட்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

எந்த எண்ணை நம்புவது?

கிணற்றில் மோட்டார் ஓடும்போது எட்டிப் பார்த்தால் தண்ணீர் கீழே இருக்கும். நிறுத்திவிட்டு, விடிந்து போய்ப் பார்த்தால் ஊறி மேலே வந்திருக்கும். கிணற்றின் உண்மையான நிலை விடிகாலையில் தெரிவதுதான். பேட்டரியும் அப்படித்தான். ஸ்பீக்கர் பாடும்போது 12.0 காட்டும் பேட்டரி, நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து 12.3 காட்டலாம். சார்ஜ் ஏறி முடித்த சூட்டில் 13 காட்டும் பேட்டரி, இரவு கழிந்ததும் 12.4-க்கு இறங்கியிருக்கலாம். அந்த 13-ஐப் பார்த்து, நிரம்பிவிட்டது என்று ஏமாறுபவர்கள் அதிகம்.

எனவே, காலையில் வண்டியைக் கிளப்பும் முன், விளக்கு, ஸ்பீக்கர் எதையும் போடாமல் ஸ்விட்சைத் தட்டி எண்ணைப் பார்க்க வேண்டும். சாதாரண வண்டி பேட்டரியாக இருந்தால் 12.7 என்பது முழுசு. 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் ஒன்றுமில்லை. இவை சுமாரான அளவுகள்தான்; தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரியை வண்டியில் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ப அவற்றில் அமிலத்தின் வலு குறைவாக இருக்கும். கிராவிட்டி 1,240 அளவில்தான் முழு நிரப்பு. அது ஓய்வில் 12.5 காட்டினாலே நிரம்பியதாக அர்த்தம். 12.7 வரவில்லையே என்று தொடர்ந்து சார்ஜ் போட்டால், தண்ணீர் வற்றித் தகடு கெடும்.

அந்தக் காலை எண்ணைத் தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வரலாம். திங்கள் 12.6, செவ்வாய் 12.5, புதன் 12.4, வியாழன் 12.2 என்று இறங்கிக்கொண்டே வந்தால், பேட்டரி தினமும் முழுதாக நிரம்பவில்லை என்று பொருள். இந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கினாலும் அதற்கும் இதே கதிதான். இரவு முழுக்க நன்றாகச் சார்ஜ் போட்டும் காலையில் 12.3-ஐத் தாண்டவில்லை என்றால், அப்போது பேட்டரியே போய்விட்டது என்ற முடிவுக்கு வரலாம். மூடி திறக்கும் வகையாக இருந்தால், ஆறு செல்லிலும் கிராவிட்டி பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு செல் மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் சந்தேகமே இல்லை.

வியாபார நேரத்தில் பார்க்கும் எண்ணுக்கு வேறு பயன் உண்டு. ஸ்பீக்கர் ஓடும்போதே 12.0-க்கு வந்துவிட்டால் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 11.8 வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். கூட்டம் மொய்க்கும் நேரத்தில் யாரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் 11.8-ல் தானே இணைப்பைத் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றைச் சேர்த்து வைத்தால் பேட்டரி தப்பிக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்து, முன்னால் உள்ள வண்டி பேட்டரியிலும் பின்னால் உள்ள பேட்டரியிலும் வோல்ட் பார்க்க வேண்டும். முன்னால் 14.2, பின்னால் 13.5 என்று வந்தால் நடுவில் உள்ள ஒயர்தான் குற்றவாளி. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதையே 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றினால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். கூடவே, இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாமல் நிரந்தரமாகச் சேர்த்திருந்தால், தனி பேட்டரி வைத்ததற்கே அர்த்தம் இல்லை.

ஆனையூர் வாசகியின் வண்டிக்கு ஒயரை மாற்றுவது மட்டும் போதாது. இன்ஜின் ஓடும் நேரம் குறைவு என்பதால், இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் உள்ள சார்ஜர் பொருத்தமானது. 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 6 ஆம்பியர். நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் வகையாக வாங்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், பூட்டிய அறையிலோ அடுப்படி, சாமி விளக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியாக இருந்தால் 100 வாட் சோலார் பேனலும் உதவும். மதுரை வெயிலுக்கு நல்ல நாளில் 25 ஆம்பியர்-மணி கிடைக்கும். ஒரு சாயங்கால வியாபாரத்துக்குச் சரியாகிவிடும்.

இப்போதுள்ள பேட்டரி முழுவதும் கெட்டிருந்தால், அடுத்து வாங்குவது 60 ஆம்பியர்-மணிக்குக் குறையாத டியூபுலர் அல்லது இ-ரிக்‌ஷா வகையாக இருக்கட்டும். 22 ஆம்பியர்-மணி எடுத்தாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அமிலம் சிந்தாமல் இருக்க நிமிர்த்தி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். உப்புக் கலந்த போர் தண்ணீரை ஒரு முறை ஊற்றினாலும் தகடுகளுக்குக் கேடு.

“தென்னந்தோப்புக் குடிசையில் சோலாரும் 12 வோல்ட் லித்தியம் பேட்டரியும் வைத்திருக்கிறேன். வோல்ட் மீட்டர் எப்போதும் 13.2 காட்டுகிறது. திடீரென்று ஒரு நாள் அணைந்துவிடுகிறது. மீட்டர் கோளாறா?”

- வாசகர், வாடிப்பட்டி.

மீட்டரில் கோளாறு இல்லை. சோலாருக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை இரும்பு பாஸ்பேட் வகை. உள்ளே நான்கு செல் இருக்கும். முக்கால் பங்கு இருந்தாலும், பாதியாகக் குறைந்தாலும் வோல்ட் 13.2 பக்கத்திலேயே நிற்கும். கடைசியில்தான் சடசடவென்று விழும். உள்ளே உள்ள பாதுகாப்பு போர்டு உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த வகைக்கு, உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் எண்ணிக் கணக்கு வைத்து, சதவிகிதத்தில் காட்டும் ஷன்ட் மீட்டர்தான் தேவை. அதன் ஷன்ட்டை பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்து, சோலார், விளக்கு, மின்விசிறி என எல்லா மைனஸ் ஒயர்களும் அதன் வழியாகவே போகும்படி மாட்ட வேண்டும். ஏதாவது ஓர் ஒயரை நேராக பேட்டரியில் விட்டுவிட்டால் கணக்கு தப்பிவிடும். மாட்டியதும் ஒரு முறை பேட்டரியை முழுதாக நிரப்பி, மீட்டரில் 100 என்று அமைத்துக்கொள்ள வேண்டும்.