ஒருநாள் எடை தீர்ப்பன்று

புறநோயாளர் பிரிவில் எடை பார்க்கும் கருவிக்கு முன் நிற்பவர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். செருப்பைக் கழற்றுகிறார்கள், கைப்பேசியையும் சாவிக்கொத்தையும் உடன் வந்தவரிடம் கொடுக்கிறார்கள், சிலர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். எண் இறங்கியிருந்தால் முகம் மலர்கிறது. அரைக் கிலோ ஏறியிருந்தாலோ, மாதம் முழுவதும் இட்லியை எண்ணி உண்டவர் குற்றம் செய்தவரைப்போலத் தலை குனிகிறார். "நேற்று அந்த வடையைத் தொடாதீர்கள் என்று சொன்னேனே, கேட்டீர்களா?" என்கிறார் உடன் வந்தவர். எண்ணைக் குறித்துக்கொள்ளும் நாங்களும் பல வேளைகளில் ஒரு சொல்லும் விளக்காமல் அடுத்தவரை அழைத்துவிடுகிறோம்.

இந்த நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஏனெனில், அந்த ஓர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விளையும் தீங்கு சிறிதன்று. ஏறிய அரைக் கிலோவைக் கண்டு மறுநாள் முழுப் பட்டினி கிடப்பவர் உண்டு. "எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் பயனில்லை" என்று மனம் சோர்ந்து, நல்ல முறையில் தொடங்கிய உணவுமுறையையே கைவிடுபவர் அதைவிடப் பலர். அவர்களுடைய முயற்சி தோற்றிருக்காது; அதை அளந்த முறைதான் தவறியிருக்கும்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். கருவி காட்டுவது உடலிலுள்ள கொழுப்பின் எடையை மட்டுமன்று. எலும்பு, தசை, குருதி, நீர், குடலில் இன்னும் செரிக்காதிருக்கும் உணவு, வெளியேறாத கழிவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே அது காட்டுகிறது. இவற்றுள் கொழுப்பு மெல்லத்தான் கூடும், மெல்லத்தான் குறையும். நீரோ ஒரே நாளில் ஒரு கிலோ, சில வேளைகளில் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும்.

உப்பை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் ஏற்றப்படும் சலைன் பாட்டிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு உள்ளது. குருதியோடு ஒத்துப்போகும் செறிவு அதுவே. ஆகவே, வழக்கத்தைவிட நான்கைந்து கிராம் உப்பு கூடுதலாக உள்ளே சென்றால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை ஏறத்தாழ அரை லிட்டர் நீரை உடல் பிடித்துவைத்திருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவை இலையில் இடம்பெற்ற மறுநாள் எடை கூடுவதற்கு இது ஒரு காரணம்.

மாவுச்சத்தும் நீரைச் சேர்த்துக்கொள்ளும். உண்ட சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரோடு சேர்ந்தே தங்குகிறது. உணவைக் குறைத்த முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் இந்தச் சேமிப்பும் நீரும் கரைவதால்தான். இரண்டாம் வாரத்தில் வேகம் தணியும்போது பலர் கலங்குகிறார்கள். முதல் வாரத்தின் மகிழ்ச்சியில் பாதி நீருக்கு உரியது என்று முன்பே அறிந்திருந்தால் அந்தக் கலக்கம் இராது.

மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பெண்களுக்கு நீர் தேங்குவதுண்டு. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவரின் தசைகள் வலியோடு சிறிது நீரையும் பிடித்துவைக்கும். மலச்சிக்கல், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், எடை பார்த்த வேளை, உடுத்திய ஆடை என எண்ணை ஏற்றவும் இறக்கவும் வல்லவை இன்னும் பல.

இனி, ஒரு குறிப்பேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் இரண்டு வாரம் நாள்தோறும் காலையில் எடை பார்க்கிறார். முதல் வாரம்: 78.6, 78.2, 78.5, 78.0, 77.9, 78.7, 78.4. இரண்டாம் வாரம்: 78.1, 77.8, 77.6, 77.9, 77.4, 78.6, 78.0. பதின்மூன்றாம் நாள் காலை அவர் கண்டது 78.6. தொடங்கிய நாளன்று இருந்ததும் அதே எண்தான். "பதின்மூன்று நாள் பட்டபாடு வீண்" என்று அவர் எண்ணினால் அவரைக் குறைகூற முடியாது. ஆயினும் வாரச் சராசரியைப் பாருங்கள். முதல் வாரம் 78.3; இரண்டாம் வாரம் 77.9. ஏறத்தாழ 0.4 கிலோ குறைந்திருக்கிறது. அதாவது அவருடைய முயற்சி பலன் தந்துகொண்டிருக்கும்போதே, அது பலனற்றது என்று ஒருநாள் எடை அவரிடம் கூறியிருக்கிறது.

அந்தப் பதின்மூன்றாம் நாளுக்கு முந்தைய நாள் அவர் உறவினர் வீட்டுத் திருமண விருந்தில் உண்டார் என்று கொள்வோம். ஒரே இரவில் 1.2 கிலோ ஏற்றம். அத்தனையும் கொழுப்பாக இருக்க முடியுமா? ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. அப்படியானால் 1.2 கிலோ கொழுப்பு சேர, அன்றைய தேவைக்கு மேல் 9,000 கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும். வெறும் சோறாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 கிலோ! எந்தப் பந்தியிலும் எவரும் அவ்வளவு உண்பதில்லை. ஏறியது பெரும்பாலும் உப்பும் நீரும் செரிக்காத உணவுமே. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் அது இறங்கிவிடும். மறுநாள் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

இத்தாலியின் பதுவா நகரில் வாழ்ந்த சான்டோரியோ என்ற மருத்துவர், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தம் எடையையும் உண்டதையும் கழித்ததையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். தம் முடிவுகளை 1614-இல் நூலாக வெளியிட்டார். உட்கொண்டதன் எடையில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே உடலைவிட்டு நீங்குகிறது என்பதை அவர் கண்டறிந்தார். தோலும் மூச்சும் நாள் முழுவதும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. உடலின் எடை அசையாமல் நிற்கும் ஒன்றன்று என்பது நானூறு ஆண்டுகளாக மருத்துவம் அறிந்த செய்தி.

கலோரிக் கணக்கைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்பவை சராசரி மதிப்புகளே. வீட்டுச் சமையலில் எண்ணெய்தான் பெரும்பாலும் கணக்கிலிருந்து நழுவுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி. தாளிப்பிலும் பொரியலிலும் தோசைக்கல்லிலும் சேர்ந்து மூன்று கரண்டி விடுபட்டால் 120 கலோரி. மூன்று வேளைக் காப்பியில் இரண்டிரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இன்னொரு 120. குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறியவர்களைக் குறித்து 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் தாம் உண்டதில் கிட்டத்தட்டப் பாதியைக் கணக்கில் விட்டிருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய்யர்கள் என்று நாங்கள் கூறவில்லை. உணவை நினைவிலிருந்து கணக்கிடுவது எல்லார்க்கும் கடினம்.

எனவே நாங்கள் பரிந்துரைப்பது இதுதான். காலையில் எழுந்து கழிப்பறை சென்றுவந்தபின், உண்பதற்கும் பருகுவதற்கும் முன், ஒரே கருவியில், சமமான கடினத் தரையில் எடை பாருங்கள். எண்ணைக் குறித்துவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள். வாரத்தின் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். சராசரி மூன்று நான்கு வாரம் தொடர்ந்து அசையாமல் நின்றால், அப்போது கணக்கை உணவியல் நிபுணரோடு சேர்ந்து சரிபார்க்கலாம். எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் தேவையும் குறையும். பழைய அளவு புதிய உடலுக்கு மிகுதியாகியிருக்கலாம். நாள்தோறும் எடை பார்ப்பதே மனத்தை வாட்டுகிறது என்றால், வாரம் ஒருமுறை பார்ப்பது போதும்.

ஆனால் எல்லா ஏற்ற இறக்கங்களையும் பொருட்படுத்தாமல் விடலாகாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினாலோ, காலில் வீக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினாலோ, அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் தமக்குக் கூறப்பட்ட எடை வரம்பையும் நீர் அளவையுமே பின்பற்ற வேண்டும். முயலாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதை நற்செய்தியாகக் கொள்ளாமல் பரிசோதனைக்கு வாருங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைப்பதும் வேளையைத் தவிர்ப்பதும் ஆபத்து. குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். எண்ணை இறக்குவதற்காக நீர் பருகுவதைக் குறைப்பதோ, நீர் பிரிக்கும் மாத்திரையைத் தாமாக விழுங்குவதோ கொழுப்பில் ஒரு கிராமையும் குறைக்காது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "இன்று எவ்வளவு குறைந்தது?" என்று நாள்தோறும் கேட்காதீர்கள். நீங்கள் அன்போடு கேட்டாலும், கேட்பவர் காதில் அது விசாரணையாகவே விழுகிறது. அதற்கு மாறாக, எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். அதே உணவை நீங்களும் உண்ணுங்கள். மாலையில் உடன் நடந்து வாருங்கள்.

எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மதிய உணவுக்குப் பின், ஆடை அணிகலனோடு, மாதத்துக்கு ஒருமுறை பார்த்த எடையை அட்டையில் எழுதி, அதைக்கொண்டே ஒருவருடைய முயற்சியை மதிப்பிடுவது முறையன்று. அந்த அட்டையில் வாரச் சராசரிக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். அடுத்த முறை வரும்போது உங்கள் குறிப்பேட்டையும் எடுத்துவாருங்கள். எங்கள் கருவி காட்டும் எண்ணுக்கு முன் அதையே நாங்கள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மறந்தோமானால் நீங்களே நினைவூட்டுங்கள்.