பொம்மைத் துப்பாக்கிக்குச் சட்டம் உண்டு! நிஜத் துப்பாக்கிக்கு?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி பிளாஸ்டிக்கில் பொம்மைத் துப்பாக்கி செய்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும் என்று தெரிந்தால், அந்நாட்டுச் சர்க்காரின் நுகர்வோர் பொருள் பாதுகாப்புக் கமிஷன் தலையிடலாம். விற்ற சரக்கைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவு போடலாம்.

அதே அமெரிக்காவில் இன்னொரு கம்பெனி நிஜக் கைத்துப்பாக்கி செய்து விற்கிறது. அது தரையில் விழுந்தாலே வெடிக்கிறது என்று தெரிந்தாலும் அந்தக் கமிஷன் திரும்பப் பெறு என்று சொல்ல முடியாது. சட்டமே அதன் கையைக் கட்டி வைத்திருக்கிறது.

மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதை ஏன் படிக்கவேண்டும், நம் வீடுகளில் துப்பாக்கி ஏது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள்ளே நமக்கு நன்றாகப் பழக்கமான இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு சாதனம் ஆளைக் காயப்படுத்தினால் பொறுப்பு யாருடையது? அதைச் செய்து லாபம் பார்த்தவனுடையதா, அதைக் கையில் பிடித்தவனுடையதா? அமெரிக்கத் துப்பாக்கி முதலாளிகள் இந்தக் கேள்விக்குத் தங்களுக்கு வேண்டிய பதிலைச் சட்டமாகவே எழுதி வாங்கிக்கொண்டார்கள். எப்படி வாங்கினார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

விழுந்தால் வெடித்த பிஸ்டல்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த சிக் சாவர் கம்பெனி 2014-ல் பி-320 என்ற பிஸ்டலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் அதன் ராணுவ மாதிரியை அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்தது. 58 கோடி டாலர் வரை போகக்கூடிய காண்டிராக்ட்!

ராணுவப் பரிசோதனையில் அந்தப் பிஸ்டலைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். விசையில் யாரும் விரல் வைக்கவில்லை. ஆனாலும் உள்ளே இருந்த ஊசி தோட்டாவைத் தட்டிவிட்டது. காரணத்தைப் புரிந்துகொள்ள என்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை. விசையும் அதைச் சேர்ந்த பாகங்களும் கனமாக இருந்தன. துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதி நின்றால், அந்தக் கனமே விசையைப் பின்னால் தள்ளிவிடும். விரல் இழுத்தது போலவே ஆகிவிடும். ராணுவத் துப்பாக்கியில் இலேசான பாகங்களைப் போட்டுக் குறையைச் சரிசெய்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் பரிசோதனைப் பிரிவு 2018 ஜனவரியில் வெளியிட்ட ஆண்டறிக்கையில் இந்த விவரம் பதிவாகியிருக்கிறது.

ராணுவம் மொத்தக் கொள்முதல்காரன். அவன் சொன்னால் கம்பெனி கேட்கும். கடையில் ஒன்றே ஒன்று வாங்கிய சாமானியன் சொன்னால்?

2017 ஆகஸ்டில் டல்லாஸ் நகரப் போலீஸ் இந்தப் பிஸ்டலின் உபயோகத்தை நிறுத்தி வைத்தது. விழுந்தால் வெடிப்பதைக் காட்டும் படங்களும் வெளியாயின. அதன் பிறகுதான் சாமானிய வாடிக்கைக்காரர்களுக்குக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. அறிவிப்பின் பெயரைப் பாருங்கள்: "விருப்ப மேம்பாட்டுத் திட்டம்"! பழுது என்ற சொல் அதில் இல்லை. திரும்பப் பெறுகிறோம் என்ற சொல்லும் இல்லை. அமெரிக்கத் தர விதிகளின்படி எங்கள் துப்பாக்கி தேறியிருக்கிறது, அந்த விதிகளில் சொல்லப்படாத முறையில் விழுந்தால்தான் வெடிக்கக்கூடும் என்றது கம்பெனி. தரைக்கு விதி தெரியுமா? இடுப்பிலிருந்து நழுவும் துப்பாக்கி எந்த விதியைப் பார்த்து விழும்?

செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டு இலவசமாகப் பாகங்களை மாற்றித் தந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விருப்பம் என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? செய்தியைக் கேள்விப்பட்டவன் அனுப்புவான். கேள்விப்படாதவன் பழைய துப்பாக்கியையே இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவான். பழைய சரக்காகக் கைமாறி வாங்கியவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இதோடும் முடியவில்லை. உறைக்குள் இருக்கும்போதே, விசையைத் தொடாமலே வெடித்தது என்று பலர் வழக்குத் தொடர்ந்தார்கள். விசை இழுபடாமல் வெடிக்கவே வெடிக்காது, கையாண்டவர்களின் கவனக்குறைவே காரணம் என்பது கம்பெனியின் வாதம். சில வழக்குகளில் கம்பெனி ஜெயித்தது. 2024-ல் ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் நடந்த வழக்குகளில் ஜூரிகள் காயம்பட்டவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மில்வாக்கி நகரத்தில் 2022-ல் போலீஸ்காரர்களின் சங்கமே நகர நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டது. நகரம் வேறு கம்பெனியின் துப்பாக்கிக்கு மாறியது. அமெரிக்கப் போலீஸ் உழைப்பாளியின் தோழன் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் தன் தொடையைத் தன் ஆயுதமே துளைக்கும் என்று பயம் வந்ததும் அவன் தேடிப்போன இடம் எது? சங்கம்!

2025 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு முதலிய சில அமைப்புகள் இல்லை என்பதைக் காரணம் காட்டித் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது இனி வழக்குத் தொடுக்கக் கூடாதாம்! கம்பெனி இருக்கும் மாநிலத்தில், கம்பெனிக்கு எதிராக வழக்குகள் குவிந்த நேரத்தில் பிறந்த சட்டம் இது. விளக்கம் வேண்டுமா?

ஒரு சொல்லில் ஒளிந்த தந்திரம்

1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ரொட்டி வாட்டும் அடுப்பு முதல் குழந்தைத் தொட்டில் வரை அதன் கீழ் வந்தன. துப்பாக்கி வரவில்லை. எப்படி? "நுகர்வோர் பொருள்" என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கத்திலேயே துப்பாக்கியையும் தோட்டாவையும் விலக்கிவிட்டார்கள். இதற்கு முன்னின்றவர் ஜான் டிங்கெல் என்ற உறுப்பினர், ஜனநாயகக் கட்சிக்காரர், துப்பாக்கிப் பிரியர்களின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். 1976-ல் இன்னொரு திருத்தம் வந்து அந்த வேலியை மேலும் பலப்படுத்தியது.

2005 அக்டோபரில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்ட சட்டம் கோர்ட்டு வாசலிலும் காவல் நின்றது. துப்பாக்கியைப் பிறர் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் கம்பெனி மீது வழக்கு இல்லை என்றது அது. பழுதான சரக்குக்கு வழக்குப் போடலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. ஆனால் சுட்டவனின் செயல் குற்றமாக இருந்தால் அந்தச் சன்னலும் மூடிக்கொள்ளும்.

இந்தச் சட்டம் யாரைக் கைவிட்டது? 2001-ல் சிகாகோவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தகப்பனாரின் பெரெட்டா பிஸ்டலை எடுத்தான். தோட்டாக் கூட்டைக் கழற்றினான். காலியாகிவிட்டது என்று நினைத்தான். குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது. விளையாட்டாக விசையை இழுத்தான். நண்பன் செத்தான். கூட்டைக் கழற்றினால் சுடாதபடி செய்யும் ஓர் எளிய அமைப்பு அதில் இல்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். சிறுவனின் செயல் சட்டப்படி குற்றம், ஆகவே 2005-ம் ஆண்டுச் சட்டம் கம்பெனியைக் காக்கும் என்று 2009-ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி தப்பியது. பழி பிள்ளையின் தலையில்!

இரண்டு கட்சிகள்; மேடையில் ஆயிரம் சண்டை. துப்பாக்கி முதலாளிக்கு வேலி கட்டுவதில் மட்டும் இரண்டு கட்சியிலும் ஆள் இருந்தார்கள்.

உத்தரவாதச் சீட்டின் லட்சணம்

சட்டம் இல்லாத இடத்தில் கம்பெனியின் தயவு வந்து உட்காருகிறது. அதற்கு உத்தரவாதம் என்று பெயர்.

1975-ல் அமெரிக்காவில் உத்தரவாதச் சீட்டுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தே தீரவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தால் முழு உத்தரவாதமா, வரம்புக்கு உட்பட்டதா என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்றது. ரூகர் என்ற பெரிய துப்பாக்கிக் கம்பெனி என்ன செய்தது? எழுத்தில் எந்த உத்தரவாதமும் தருவதில்லை என்று முடிவு செய்துவிட்டது! பழுது பார்த்துக் கொடுப்பதில் அக்கம்பெனிக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் நல்ல பெயர் வேறு, உரிமை வேறு. நல்ல மனசு உள்ள முதலாளி தீபாவளிக்கு இனாம் கொடுப்பார். போனஸ் கேட்டால் முகம் மாறும். அதே கதைதான்.

ரூகரின் பழைய ரிவால்வர்களில் சுத்தியலுக்கு நேராகத் தோட்டா இருந்தால், கீழே விழும்போது வெடிக்கும் அபாயம் இருந்தது. 6 தோட்டா பிடிக்கும் ரிவால்வரில் 5 மட்டும் போட்டு, சுத்தியலுக்கு நேரே காலியாக வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 1973-ல் புதிய மாதிரியில் இந்தக் குறை நீங்கியது. பழையவற்றை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற அறிவிப்பு 1982-ல்தான் வந்தது. நடுவில் 9 ஆண்டுகள்!

டாரஸ் என்ற பிரேசில் கம்பெனியின் 9 வகைப் பிஸ்டல்கள், ஏறத்தாழ 10 லட்சம், அமெரிக்காவில் வழக்குக்கு வந்தன. அயோவா மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் 2013-ல் ஒருவனைத் துரத்தி ஓடியபோது பிஸ்டல் உறையிலிருந்து விழுந்து வெடித்தது. குண்டு அங்கே நின்ற காரில் பாய்ந்தது. வழக்கு 2015-ல் சமரசத்துக்கு வந்தது. பழுதை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி பணம் கொடுக்கச் சம்மதித்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு அதிகபட்சம் 200 டாலர்.

ஐந்தரை செண்ட்

கைத்துப்பாக்கியோடு ஒரு வேட்டைத் துப்பாக்கியின் கதையையும் சொல்லவேண்டும். லாபக் கணக்கு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

ரெமிங்டன் கம்பெனி அப்போது டூபான்ட் என்ற ஏகபோக ரசாயனக் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் என்ஜினீயர் மைக் வாக்கர் ஒரு விசை அமைப்பை உருவாக்கினார். அதில் அபாயம் இருப்பதை அவரே உணர்ந்து, 1948-ல் பாதுகாப்பான மாற்று ஒன்றைச் சொன்னார். அதற்கு ஆகும் செலவு துப்பாக்கி ஒன்றுக்கு 5½ செண்ட். ஒரு டாலருக்கு 100 செண்ட் என்பதை நினைவில் வையுங்கள். அந்த மாற்றத்தைக் கம்பெனி ஏற்கவில்லை. பழைய அமைப்பே 1962-ல் வந்த 700-ம் நம்பர் ரைஃபிளிலும் போயிற்று. 2000-ல் மான்டானாவில் வேட்டைக்குப் போன குடும்பத்தில், தாய் பாதுகாப்புப் பூட்டை விலக்கியதும் துப்பாக்கி வெடித்தது. அவருடைய 9 வயது மகன் இறந்தான்.

துப்பாக்கியில் பழுதே இல்லை என்று கம்பெனி கடைசிவரை சாதித்தது. ஆனாலும் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய ஒரு சமரசத்தை 2017-ல் கோர்ட்டு அங்கீகரித்தது. அந்நேரம் வரை மனுச் செய்தவர்கள் ஏறத்தாழ 22,000 பேர்தான். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! கேட்டால் தருவோம் என்ற உத்தரவாதம் இவ்வளவு பேரைத்தான் சென்றடையும்.

துப்பாக்கியைச் செய்த தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? ரெமிங்டன் 2018-லும் 2020-லும் திவால் மனுக் கொடுத்தது. 2020 அக்டோபரில் நியூயார்க் மாநிலம் இலியன் ஊரில் இருந்த ஆலையில் 585 தொழிலாளிகள் வேலையிழந்தார்கள். மருத்துவச் சலுகையும் போயிற்று. தங்களுக்குச் சேரவேண்டிய தொகைக்காக அவர்களுடைய சங்கம் போராட வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் ஆலையே மூடப்பட்டது. வாங்கியவனுக்கும் உத்தரவாதமில்லை, செய்தவனுக்கும் உத்தரவாதமில்லை. லாபத்துக்கு மட்டும் உத்தரவாதம்!

நாம் கற்கவேண்டியது

மில்லில் ஒருவன் கை மெஷினில் மாட்டினால் முதலில் வருவது என்ன? "அஜாக்கிரதையாக இருந்தாய்" என்ற மெமோ. மூடி ஏன் இல்லை என்று மெமோ கேட்காது. ஜாக்கிரதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விசையில் விரல் வைக்காதே, ஆளை நோக்கிப் பிடிக்காதே என்ற விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் மனிதன் களைப்பான், தடுமாறுவான், கை நழுவும். அந்தத் தடுமாற்றத்துக்கு உயிரை விலையாகக் கேட்காத சாதனத்தைச் செய்வது செய்பவன் கடமை.

இந்தியாவில் இந்தக் கடமை சட்டத்தில் ஏறியது தொழிலாளி போராடியதால். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஓடும் மெஷினுக்கு வேலி போடும் கடமையை முதலாளி மேல் வைத்தது. கதிரடிக்கும் மெஷின்களுக்காக 1983-ல் தனிச் சட்டமே வந்தது. இப்போதோ, அமெரிக்காவில் 1972-ல் செய்த அதே சொல் தந்திரத்தை இங்கும் காண்கிறோம். 2020-ம் ஆண்டுப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே ஃபாக்டரி என்ற விளக்கத்தை 20 பேர் என்று மாற்றிவிட்டது. 15 பேர் வேலை செய்யும் பட்டறையில் மெஷினின் பல் மழுங்கிவிட்டதா? விளக்கத்தை மாற்றினால் விரல் முளைக்குமா?

ஆகவே நாம் சொல்கிறோம்: பழுதான சாதனத்தைத் திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் மக்கள் கையில் இருக்கவேண்டும். கம்பெனிக்குத் தெரிந்த அபாயம் அதைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்படவேண்டும். உத்தரவாதச் சீட்டு சட்டத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

தோழர்களே! அடுத்த ஷிப்டுக்குப் போகும்போது உங்கள் மெஷினின் மூடியைப் பாருங்கள். களத்தில் கதிரடிக்கும் மெஷினின் வாயைப் பாருங்கள். வேலி இல்லையென்றால் தனியாளாகப் போய் தயவு கேட்காதீர்கள். சங்கமாகப் போய்க் கேளுங்கள்!