'டப்'புனு சாத்தினா போதுமா? பட்ஜெட் காரின் தரத்தை எங்கே பார்க்க வேண்டும்?

கார் ஷோரூமில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. குடும்பமே கிளம்பி வந்திருக்கும். மாமனார் நேராக பானெட் பக்கம் போய் விரல் மடக்கி ரெண்டு தட்டு தட்டுவார். "என்ன மாப்ள, தகரம் மாதிரி இருக்கு?" என்பார். சேல்ஸ் பையன் பதறாமல் கதவைத் திறந்து, சாத்திக் காட்டுவார். "சத்தத்தைக் கேளுங்க சார்... டப்புனு எப்படி இருக்கு!" அந்த ஒரு சத்தத்தில் பாதிக் குடும்பங்கள் மனதளவில் அட்வான்ஸ் கட்டிவிடுகின்றன.

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். ரெண்டுமே நல்ல சோதனைகள். கையும் காதும் உண்மையைச் சொல்லிவிடும். கார் விஷயத்தில் அப்படி இல்லை. ஐந்து, ஏழு வருஷம் இஎம்ஐ கட்டப் போகிற, பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைக்கப் போகிற ஒரு பொருளை, தேங்காய்க்குச் செய்யும் சோதனையை வைத்து முடிவு செய்கிறோம். கம்பெனிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

மூன்று கேள்விகள், ஒரே வார்த்தை

'பில்ட் குவாலிட்டி' என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, விபத்து நடந்தால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுமா? இரண்டு, பத்து வருஷம் துருப்பிடிக்காமல், கடகடக்காமல் ஓடுமா? மூன்று, பார்க்கவும் தொடவும் நன்றாக இருக்கிறதா?

ஷோரூம் வெளிச்சத்தில் தெரிவது மூன்றாவது மட்டும்தான். இரண்டாவதற்குக் கொஞ்சம் குனிந்து, நிமிர்ந்து, தடவிப் பார்க்க வேண்டும். முதலாவதைக் கண்ணாலோ காதாலோ பார்க்கவே முடியாது. சோதனை அறிக்கையில்தான் பார்க்க முடியும். மூன்றாவதற்கான பதிலை வைத்துக்கொண்டு முதல் கேள்விக்கும் 'பாஸ்' போட்டுவிடுகிறோம். நாம் செய்கிற பெரிய தப்பு அதுதான்.

தகரம் தடிமனா இருந்தா உயிர் தப்புமா?

வெளியே தெரியும் கதவு, பானெட் தகடுகள் பெரும்பாலான கார்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். விலை கூடிய கார்களிலும் அப்படித்தான். அவை காருக்குப் போட்ட சட்டை மாதிரி. எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது: கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண்கள், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சட்டம், கதவுக்குள்ளே குறுக்காக இருக்கும் இரும்புத் தண்டு. இவை எந்த ரக எஃகு, எப்படி வெல்டு செய்யப்பட்டிருக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பானெட்டைத் தட்டினால் சட்டையைத் தட்டிப் பார்த்த மாதிரிதான்.

அதிலும் காரின் முன்பகுதி நசுங்க வேண்டும் என்றே வடிவமைக்கப்படுகிறது. மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொண்டால்தான் நாம் உட்கார்ந்திருக்கும் 'கூண்டு' நசுங்காமல் நிற்கும். "லேசா இடிச்சதுக்கே பம்பர் உடைஞ்சிருச்சு, மட்டமான வண்டி" என்று ஒரு காரை ஒதுக்குவதில் அர்த்தம் இல்லை. பம்பர் பிளாஸ்டிக்தான். அது விட்டுக்கொடுக்கத்தான் அங்கே இருக்கிறது.

"அந்தக் காலத்து அம்பாசடர் டேங்க் மாதிரி சார்" என்று ஏங்குபவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2009-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனமான ஐஐஎச்எஸ், 1959-ம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும், 2009-ம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பார்த்தால் பழைய காரில் இரும்பு அவ்வளவு இருந்தது. ஆனால் அதன் ஓட்டுநர் பகுதி மடங்கி நொறுங்கியது. ஓட்டுநர் பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை. புதிய காரின் கூண்டு அப்படியே நின்றது. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பூஜ்ய ஸ்டார். அதில் கவனிக்க வேண்டியது: ஃபிகோ, போலோ இரண்டின் உடற்கூடும் உறுதியாகவே நின்றது. 'கட்டுமானம்' பாஸ்தான். ஆனால் சோதித்த வேரியன்ட்டில் ஏர்பேக் இல்லை, பூஜ்யம். அதே போலோ இரண்டு ஏர்பேக்குடன் வந்தபோது நான்கு ஸ்டார் வாங்கியது. கூடு மட்டும் போதாது, ஏர்பேக் மட்டும் போதாது, ரெண்டும் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

எடை கூடின கார்தான் பாதுகாப்பு என்பதும் அரைகுறை உண்மை. 2024-ல் வந்த புதிய டிசையர் சுமார் ஒரு டன் எடைதான். குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு அது 5 ஸ்டார் வாங்கியது.

அப்போ அந்த 'டப்' சத்தம்?

கதவு சாத்தும் சத்தத்தை உண்டாக்குவது கதவின் லாக், சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், தகட்டின் உள்பக்கம் ஒட்டிய அதிர்வு தாங்கும் ஷீட். பெரிய செலவில்லாமல் நல்ல சத்தத்தைக் கொண்டுவந்துவிடலாம். கதவுக்குள் இருக்கும் தண்டின் பலத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அதற்காகக் கதவைச் சாத்திப் பார்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. வேறு மாதிரி செய்யுங்கள். நான்கு கதவையும் ஒரே அளவு மெதுவாகச் சாத்துங்கள். மூன்று ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் வேறு மாதிரியும் சத்தம் வந்தால், அந்தக் கதவு சரியாகப் பொருந்தவில்லை. பிறகு கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுச் சாத்துங்கள். கண்ணாடி 'லொடலொட' என்று ஆடினால், இன்னும் ரெண்டு வருஷத்தில் மேடு பள்ளத்தில் எல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

வெளியே: வெயிலில் கொண்டுவந்து பாருங்கள்

ஷோரூம் விளக்கு வெளிச்சம் எல்லாக் குறையையும் மறைக்கும். காரை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும், கதவுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது எவ்வளவு என்பதைவிட, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா, இடதும் வலதும் ஒன்றாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

பெயின்ட்டை பானெட்டின் மேல் பார்க்காதீர்கள். அங்கே எல்லோரும் நன்றாகத்தான் அடிப்பார்கள். கதவைத் திறந்து ஓரத்தில், டிக்கி வாய்ப் பகுதியில், பானெட்டின் அடியில் பாருங்கள். தொழிற்சாலையின் பொறுமை எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அவை அடைபடாமல் இருக்கின்றனவா, ஓரங்களில் சீலன்ட் ஒழுங்காகப் பூசியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊரில் இருப்பவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது.

புதுக் காரின் கதவு, பானெட் போல்ட்களில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் தெரிந்தால், ஏன் என்று கேளுங்கள். வழியில் அடிபட்டுச் சரிசெய்த வண்டியாகவும் இருக்கலாம்.

உள்ளே: மெத்தைக்கு மயங்காதீர்கள்

இங்கே என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். பத்து லட்சத்துக்குள் உள்ள காரில் டேஷ்போர்டு முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக் இருப்பது குற்றமே இல்லை. துடைக்கச் சுலபம், வெயிலில் நின்றாலும் தாங்கும். டேஷ்போர்டின் மேல் மெத்தென்று ஒரு பட்டை ஒட்டுவது கண்ணுக்குச் செய்யும் செலவு. அதை நீங்கள் எத்தனை நாள் தொடப் போகிறீர்கள்?

தினமும் தொடும் இடங்களைப் பாருங்கள். பவர் விண்டோ சுவிட்ச், கியர் லீவர், ஏசி வென்ட், சீட்டை நகர்த்தும் லீவர், கிளவ் பாக்ஸ் மூடி. ஒவ்வொன்றையும் பத்து முறை இயக்குங்கள். ஆடுகிறதா, உரசுகிறதா? பளபளவென்ற கறுப்பு பிளாஸ்டிக் போட்டோவில் அழகு. ஆறு மாதத்தில் கைரேகையும் கீறலும்தான் மிச்சம்.

இது அனுபவத்தில் கற்றது. என் முதல் காரை நான் வாங்கியதே அதன் டேஷ்போர்டுக்காகத்தான். எட்டாவது மாதத்தில் அதற்குள்ளிருந்து ஒரு 'கிர்ர்' சத்தம். சர்வீஸ் சென்டரில் மூன்று முறை கழற்றி மாட்டினார்கள். கடைசியில் "எல்லா வண்டிலயும் இருக்கும் சார், பாட்டு போட்டுட்டா கேக்காது" என்றார்கள். விசிட்டிங் கார்டை நாலாக மடித்து இடுக்கில் செருகி, நாலு வருஷம் ஓட்டினேன்.

பின்சீட்டில் பார்க்க வேண்டியவை தனி. நடுவில் உட்காருபவருக்கும் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா? தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட்டை ஏற்றி இறக்க முடிகிறதா? குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கைக்கு எட்டுகின்றனவா? சன்ரூஃப் பற்றி அரைமணி நேரம் பேசும் நாம், இந்த மூன்றையும் கேட்பதே இல்லை.

டெஸ்ட் டிரைவ்: மோசமான ரோடு வேண்டும்

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் கூட்டிப்போவது வழவழப்பான ரோடாக இருக்கும். நீங்கள் உங்கள் தெருவுக்கு விடச் சொல்லுங்கள். ஏசியையும் பாட்டையும் நிறுத்துங்கள். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் மெதுவாக, ஸ்பீட் பிரேக்கர்களில் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பாதி தூரம் ஓட்டியதும் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போய்விடுங்கள். கடகடப்பு பெரும்பாலும் அங்கேதான் கேட்கும்.

இன்னொரு வழி செலவில்லாதது. நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் கால் டாக்ஸியாக ஓடுகிறதா? ஒருநாள் அதில் ஏறுங்கள். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் சீட் அமுங்கியிருக்கிறதா, பீடிங் கழன்றிருக்கிறதா, ஸ்டியரிங் தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். "அண்ணே, வண்டி எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த யூடியூப் விமர்சனமும் சொல்லாததை அவர் சொல்லுவார்.

கேட்டால்தான் கிடைக்கும்

"இந்த விலைக்கு இவ்வளவுதான் கொடுக்க முடியும்" என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்ஜெட் காரில் எங்காவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். எங்கே கை வைப்பது என்பதுதான் கேள்வி. நாம் எதைச் சோதிக்கிறோமோ, அங்கே செலவு செய்வார்கள். கதவுச் சத்தத்தைக் கேட்டால் சத்தத்துக்கு. பெரிய ஸ்கிரீனைக் கேட்டால் ஸ்கிரீனுக்கு.

2014-ல் ஐந்து பூஜ்யம். 2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்கிய முதல் இந்திய கார் ஆனது. அதன் பிறகு ஸ்டார் என்பதே விளம்பரப் பலகைக்கு வந்துவிட்டது. இடையில் அரசு விதிகளும் இறுகின. ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்ததும் ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இப்போது நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது. முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில், பக்கவாட்டு மோதல் 50 கி.மீ. வேகத்தில் சோதிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு ஒரு ஸ்டார் மதிப்பீடு, குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று. குடும்பக் கார் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ரெண்டாவதைத்தான். மதிப்பீடு எந்தெந்த வேரியன்ட்டுக்குப் பொருந்தும் என்பதையும் பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனை கட்டாயம் இல்லை, கம்பெனி விரும்பினால்தான். நல்ல மார்க் வாங்கும் என்று தெரிந்த காரை அனுப்பிவிட்டு, மற்றதைப் பற்றி மௌனமாக இருக்கலாம். இது மாற வேண்டும். பாக்கெட் பிஸ்கட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடுகிறோம். பல லட்ச ரூபாய் காரின் விலைப் பட்டியலில், விலைக்குப் பக்கத்திலேயே ஸ்டார் எண்ணிக்கை இருக்க வேண்டும். சோதிக்காத கார் என்றால் 'சோதிக்கப்படவில்லை' என்று அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

அது வரும்வரை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஷோரூமில் மாமனார் பானெட் பக்கம் போனால் தடுக்காதீர்கள். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். "மாமா, அதை விடுங்க. பின்சீட்ல ஏறி உக்காந்து பெல்ட் போட்டுப் பாருங்க." அவர் அங்கே உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கும் நேரத்தில், நீங்கள் சேல்ஸ் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்த வேரியன்ட்டுக்குக் குழந்தைகள் பாதுகாப்புல எத்தனை ஸ்டார்?"

பதில் உடனே வந்தால், மேலே பேசலாம். "கதவுச் சத்தத்தைக் கேளுங்க சார்" என்று வந்தால், அடுத்த ஷோரூம்.