நம்பர்தானே கொடுத்தேன்!

ராஜபாளையத்தில் பஸ் ஏறும் என் மில் ஆபீஸ் நண்பர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காமல் வீடு திரும்பமாட்டார். அன்று பஸ் ஊருக்குள் நுழையும்போது கேட்டார்: "இந்த ஊர் கோர்ட்டுலதானே சார்... வெறும் போன் பேச்சுக்கா பத்து வருஷம்?"

அருப்புக்கோட்டை உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி வழக்கைச் சொல்கிறார். பெரிய அதிகாரிகளுக்கு இணங்கினால் மார்க்கும் பணமும் வரும் என்று நாலு மாணவிகளுக்கு ஆசை காட்டினார். அவர்கள் மயங்கவில்லை. பேச்சைப் பதிவு செய்தார்கள். 2018 ஏப்ரலில் கைது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் கோர்ட்டில் பத்து வருஷம். உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை.

"பொண்ணுங்கதான் போகலையே சார்?"

அங்கேதான் சட்டம் உஷார். 1956-ல் வந்த விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, ஆள் சேர்ப்பது மட்டுமல்ல, சேர்க்க முயல்வதே குற்றம். அந்தப் பெண் சம்மதித்திருந்தாலும் தப்ப முடியாது. குறைந்தது 3 வருஷம்!

ஏமாந்து சிக்கிய பெண்ணோ குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். பெண் என்றால் வருமானக் கணக்கே கேட்கமாட்டார்கள். நஷ்டஈட்டுக்கும் அங்கேயே மனுப் போடலாம். அவசரத்துக்கு 181.

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம செக்‌ஷன்ல ஒருத்தன்... யாருக்கோ ஒரு பொண்ணு நம்பர் கொடுத்தேன்னு சிரிச்சான் சார். நானும் சேர்ந்து சிரிச்சேன்" என்றார்.

அன்றைக்குப் பால்கோவா வாங்க மறந்துவிட்டார்.